முட்டுக் கொடுத்த கால்

ஆறு மாத மகன் ராஜா மாதிரி தானாகவே உட்காருகிறான் என்று பஸ் டிப்போவே அதிரத் தம்பட்டம் அடித்த ஓட்டுநர், அதைப் பார்க்க வந்த அக்காவின் முன்னால், துண்டுக்கடியில் காலை நீட்டிப் பிள்ளையின் முதுகுக்கு முட்டுக் கொடுத்துப் பாயில் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் வெயிலில் பிள்ளையின் எச்சில் வைரமாய் மின்னுகிறது. "அந்தக் கால கொஞ்சம் எடுடா, பாப்போம்," என்கிறாள் அக்கா. எடுக்கிறார். பிள்ளை பூசணிக்காயாய்த் தலையணையில் சரிகிறான். "நீ லைசன்ஸ் வாங்குனதும் இப்படித்தானா?" மனைவியும் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பில் கூரை பறக்கிறது. அவருக்குக் காது மடல் கொதிக்கிறது. முகத்தை மறைக்க ஒரு வேலை வேண்டுமே என்று பிள்ளையைத் தூக்கி நிமிர்த்தி வைக்கிறார். பெண்கள் கண்ணைத் துடைத்தபடி அடுக்களைக்குள் போகிறார்கள். இரண்டு குட்டி உள்ளங்கைகளையும் பாயில் ஊன்றி, எந்த முட்டும் இல்லாமல், பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். கூப்பிடலாம்தான். ஆனால் இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?