அழகரத்தினத்துக்கு மட்டும் இல்லை

“சாராயம் முடிஞ்சுது.”

சாராயக் கடையின் கம்பி வலைக்குப் பின்னால் நின்ற பேரின்பராசா சொன்னார். கேட்டவர் அழகரத்தினம். மடித்துக் கட்டிய சாரம், தோளில் துவாய், காலில் காயாத வயல் சேறு. வயது அறுபதை நெருங்கும்.

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற நிலோஜனுக்குச் சிரிப்பு வந்தது. பேரின்பராசாவின் தலைக்கு மேலே தட்டுத் தட்டாகப் போத்தல்கள். முடிஞ்சுதாம்!

“அப்ப பின்னுக்கு அடுக்கி வச்சிரிக்கிறது என்ன, தண்ணியா?” என்று அழகரத்தினம் சத்தம் போட்டார்.

“அது வேற ஆக்களுக்கு எடுத்து வச்சது. நீங்க வீட்ட போங்க அண்ணே.”

“என்ர காசு காசில்லியா? போனவன் நீளக் காற்சட்டை போட்டிருந்தான், அவனுக்குக் குடுத்தாய். எனக்கு மட்டும் இல்லியா?”

“வெயிலுக்க நிக்காம போங்க அண்ணே.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அழகரத்தினம் காறித் துப்பிவிட்டு வெளியே போனார்.

நிலோஜனுக்குச் சுள்ளென்று ஏறியது. ஒஸ்லோவிலிருந்து லீவில் வந்திருந்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஊரில் வந்து இறங்கியதும் நியாயம் கொஞ்சம் அதிகமாகவே பொங்கும். இவனுக்கு விமான நிலையத்திலேயே பொங்கத் தொடங்கிவிட்டது.

“எனக்கு ரெண்டு பியர் தாங்க.”

உடனே வந்தது.

“எனக்கு இரிக்கு, அந்த ஐயாவுக்கு இல்லியா?”

“உங்களுக்கு வேணுமெண்டதத் தந்திட்டன்தானே தம்பி.”

“நோர்வேயில சாராயம் விக்கிறது அரசாங்கம் அண்ணே. ஊருக்கு ஊர் அரசாங்கக் கடைதான். மந்திரி போனாலும் மேசன் போனாலும் ஒரே மரியாதை. இஞ்ச கண்டவனுக்கெல்லாம் லைசன்சக் குடுத்து விட்டா, உடுப்பப் பாத்துத்தான் விப்பீங்க!”

பேரின்பராசா முகம் சுளிக்கவில்லை. “ஓம் தம்பி” என்றார். “அடுத்த ஆள் வாங்க.”

அந்த அமைதிதான் நிலோஜனை இன்னும் கிளப்பியது. கல்லுளிமங்கன்!

வெளியே மருத மரத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி அழகரத்தினம் நின்றார்.

“பாத்தியா மனே, படுவான்கரையில என்னைத் தெரியாத ஆளில்ல. இந்த நாய் என்னைத் துரத்துறான். மற்றக் கடைகளுக்கும் போனன். அங்கயும் முடிஞ்சுதாம்.”

“எல்லாருமாச் சேந்தா செய்றாங்க?”

“சேந்துதான். நம்மட முகத்தில என்ன எழுதியா இரிக்கு?”

சொல்லிவிட்டு, வியர்வையில் நனைந்த தாள்களை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். “நீ ஒண்டு எடுத்துத் தாவன் மனே.”

ஒஸ்லோவில் என்றால், கடைக்காரன் மறுத்த ஒருவருக்கு வாங்கிக் கொடுக்க நிலோஜன் கனவிலும் துணிந்திருக்க மாட்டான். இங்கே அது அவனுக்கு வீரமாகப் பட்டது. காசை வாங்காமல் திரும்பவும் வரிசையில் போய் நின்றான்.

“அரைப் போத்தல் சாராயம்.”

பேரின்பராசா அவனை ஒருமுறை பார்த்தார். “தம்பி பியர்தானே எடுத்தீங்க?”

“பியர் எனக்கு. இது மாமாவுக்கு.”

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

அழகரத்தினம் அதைத் துவாயில் பொதிந்து மடியில் கட்டிக்கொண்டார். கண் கலங்கிப் போயிருந்தது. “நல்லா இரி மனே” என்று நிலோஜனின் தலையைத் தொட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

நிலோஜனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதோடு போயிருக்கலாம். ஆனால் அந்தக் கடைக்காரனின் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. வரிசை கலைந்திருந்தது. உள்ளே போனான்.

“நீங்க குடுக்காட்டி என்ன அண்ணே? நான் எடுத்துக் குடுத்திட்டன். ஏழை மனிசரை இப்பிடி அவமானப்படுத்தாதீங்க.”

பேரின்பராசாவின் கை அப்படியே நின்றது.

“ஆருக்கு? அழகண்ணனுக்கா?”

கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினார். வீதி வெறுமையாகக் கிடந்தது. சைக்கிள் எந்த வயல் வட்டை வரம்பில் இறங்கியதோ தெரியவில்லை. போனை எடுத்து யாருக்கோ அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

“என்னண்ணே? என்ன நடந்த?” நிலோஜனின் குரல் இறங்கிவிட்டது.

“போன மாசம் ரத்தம் ரத்தமாச் சத்தி எடுத்து, மட்டக்களப்பு ஆசுப்பத்திரியில கிடந்த மனிசன் தம்பி. இனி ஒரு சொட்டுக் குடிச்சாலும் ஆள் தப்பாதெண்டு டொக்டர் சொல்லிற்றார்.”

“அத அப்பவே என்னட்டச் சொல்லியிருக்கலாமே!”

“அந்தாளின்ட வருத்தத்த இத்தின பேருக்கு முன்னால எப்பிடித் தம்பி சொல்ற? அதுதான் முடிஞ்சுதெண்டு சொல்றம்.”

நிலோஜன் கேட்டான்: “அவர்ர மனிசி வந்து சொல்லி வச்சவவா, குடுக்க வேணாமெண்டு?”

பேரின்பராசா மறுபடியும் போனைக் காதில் வைத்தபடி, வீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இல்லத் தம்பி, அவரேதான். ஆசுப்பத்திரியால வந்த அண்டு வீட்டுக்கும் போகாம, இந்தப் பக்கத்தில இரிக்கிற எல்லாக் கடைக்கும் ஏறி இறங்கி, ‘நான் வந்து கால்ல விழுந்து கேட்டாலும் குடுத்திராதீங்கடா’ எண்டு எங்கட கையப் பிடிச்சு அழுதிற்றுப் போனவர்.”