கிழிசல் படை

சாப்பாட்டு மேஜை முழுக்க விரல் உயரப் பொம்மை வீரர்கள். ஒரு காலத்தில் சீருடைகூட இல்லாமல் நெப்போலியன் படையை எதிர்த்து நின்ற ஸ்பெயின் நாட்டுக் கிராமத்து ஆட்களாம். ஞாயிற்றுக்கிழமை நண்பரின் பிரெஞ்சுப் படையோடு விளையாட்டுப் போர். கணவன் இந்த வீரர்களுக்கு வர்ணம் தீட்ட ஒரு மாதமாகப் பிரஷ்ஷும் கையுமாகக் கிடந்தான். அவளுடைய டீ டம்ளரில் பிரஷ் கழுவிய தண்ணீர் சேறாகக் கலங்கி நின்றது. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவள் மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

கார் கழுவுகிறவர் சாவி வாங்க உள்ளே வந்தார்.

"கொஞ்சம் கிட்ட வாங்க," என்றான் கணவன். "இந்தத் தோள்பட்டை எப்படிக் கிழிஞ்சுது?"

"பழசு சார். நைஞ்சு போச்சு."

"முழங்கையில ஒட்டுப் போட்டது யாரு?"

"சம்சாரம் தச்சுது சார்."

"திரும்புங்க... அடடா, முதுகும் போச்சா!"

இந்த மனுஷன் இன்னொருத்தர் சட்டையை ஏறிட்டுப் பார்த்து இன்றுதான் பார்க்கிறாள். இவரைப் போய் மனசுக்குள் கரித்துக்கொட்டினோமே! ஓடிப்போய் பீரோவிலிருந்து கணவனின் பிரிக்காத புதுச் சட்டையை எடுத்து வந்து நீட்டினாள்.

"இந்தாங்கண்ணே, போட்டுக்குங்க."

அவர் கை நீட்டுவதற்குள் கணவன் துள்ளி எழுந்தான்.

"அறிவிருக்கா உனக்கு? உள்ளே வை அதை! ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவர் இதே சட்டையிலதான் வரணும். அவரைப் பார்த்துத்தான் வரைஞ்சுட்டிருக்கேன். இன்னும் பாதிப் படைக்குச் சட்டை கிழிக்கணும்!"