இது என் கையெழுத்து இல்லை

எஸ்நாத் டீச்சர் வீட்டுக் கதவில் அடுப்புக்கரியால் 'ஓட்டுத் திருடி' என்று எழுதியது நான்தான். எழுத்து கோணலாகப் போய்விட்டதே என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்கு வருத்தம்.

பின்னே என்ன? எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பூத்தில் முக்கால்வாசி ஓட்டு எதிர்க்கட்சிக்கு. வெயிலில் வரிசையில் நின்ற எங்களுக்குத் தெரியாதா? ரேடியோவில் சொன்னபோது அப்படியே தலைகீழ். பூத் அதிகாரி எஸ்நாத் டீச்சர். அவர் கை படாமல் ரிசல்ட் தாள் எப்படி மேலே போகும்?

அந்தத் தாளில் எல்லாக் கட்சி ஏஜெண்டும், எண்ணி முடித்த பிறகு, 'சரிதான்' என்று கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஏஜெண்ட் லிம்பானி. அவன் பெயருக்கு நேரேயும் கையெழுத்து இருந்தது.

"இது என் கையெழுத்து இல்லை" என்றான் லிம்பானி.

அவ்வளவுதான், ஊரே பற்றிக்கொண்டது. அதையே அட்டையில் எழுதித் தூக்கிக்கொண்டு பிளாண்டயர் நகரத்துக்குப் போகிற ரோட்டில் ஊர்வலம் போனோம். முன் வரிசையில் லிம்பானி, பக்கத்தில் நான். கண்ணீர்ப்புகைக்குப் பயந்து ஈரத்துணியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு அலைந்தோம். சைக்கிளில் ஆள் ஏற்றிப் போகிற என் பிழைப்பு நாசமாய்ப் போனது. போகட்டும் என்று விட்டேன்.

லிம்பானியை யார் சந்தேகப்படுவார்கள்? தேர்தல் அன்றைக்கு அவன் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி. ஆள் வந்து சொல்லியும் மனுஷன் பூத்தை விட்டு நகரவில்லை. ஓட்டுப் பெட்டியை மூடிய பிறகுதான் ஓடி வந்து என் சைக்கிளில் ஏறினான். நான் மிதித்த மிதியில் செயின் அறுந்துபோகாதது அதிசயம். ஆஸ்பத்திரி வாசலில் நான் மூச்சு வாங்கும்போதே உள்ளே குழந்தை அழுதது. பெண் குழந்தை.

டீச்சருக்குச் சந்தையில் யாரும் மீன் விற்கவில்லை. குழாயடியில் அவர் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் அவர் போட்டிருந்த சோளத்தை மிதித்துத் துவைத்தோம். அவர் வாயைத் திறக்கவில்லை. திருட்டு முழி என்று நானே சொல்லிச் சிரித்தேன்.

வழக்கு நடந்தது. கையெழுத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு நிபுணரை அரசாங்கத் தரப்பு கூட்டி வருவதாகப் பேச்சு வந்தது. எங்கள் வக்கீல் லிம்பானியைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார்.

"உன் கையெழுத்துதான்னு நிரூபிச்சிட்டா கேஸ் அம்பேல். உங்க ஆளே ஒத்துக்கிட்டார்னு ஃபைலை மூடிடுவாங்க. அப்புறம் இந்த ஊர் போட்ட ஓட்டுக்கு அர்த்தமே இல்லை."

அன்று மத்தியானம் லிம்பானி சோளக்களி உருண்டையைப் பிட்டுக் கையிலேயே வைத்திருந்தான், வாயில் போடவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

மறுநாள் நிபுணர் வருவதற்கு முன்னாலேயே எஸ்நாத் டீச்சர் கூண்டில் ஏறிவிட்டார்.

"அந்தக் கையெழுத்தைப் போட்டது நான்தான். காலையில வருகைத் தாள்ல அவர் போட்டிருந்ததைப் பார்த்து அப்படியே எழுதினேன். அவர் மேல எந்தத் தப்பும் இல்லை."

தாளில் எண்களை எழுதியது யார் என்று நீதிபதி கேட்டார். ஜீப்பில் வந்த ஒருவர் தாளை வாங்கிக்கொண்டு போய் எழுதினார், தன் பெயரைச் சொல்லவில்லை என்றார் டீச்சர். அந்த ஜீப்பை அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை.

எங்கள் பூத் முடிவு ரத்தானது. ஆடிப்பாடினோம். சாயங்காலம்தான் உறைத்தது: ரத்தானது எங்கள் ஒரு பூத் மட்டும். மற்ற இடமெல்லாம் அப்படியே. ஜனாதிபதி அதே ஜனாதிபதி, அதே நாற்காலி. டீச்சருக்கு மட்டும் இருபத்துமூன்று வருஷ வேலை போச்சு, பென்ஷன் போச்சு, மூன்று வருஷம் ஜெயில்.

ஜெயிலுக்குப் போகுமுன் சாமான் எடுத்துக்கொள்ள டீச்சரைப் போலீஸ் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தது. மேலே இருக்கிற பெரிய ஆட்களை ஒன்றும் செய்ய முடியாத ஆத்திரத்தை எங்கேயாவது கொட்ட வேண்டுமே, நாங்கள் கூட்டமாய்ப் போய் நின்றோம். யாரோ ஒருவன் அழுகின தக்காளியை எறிந்தான். டீச்சரின் தோளில் பட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை, துணிமூட்டையைச் சுமந்திருந்தார்.

போலீஸ் பிக்கப் வண்டிக்குப் போகிற வழியில் லிம்பானி நின்றான். கையில் அட்டை. இந்தப் பக்கம் நான், என் கையிலும் ஒன்று. அந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி, முதுகில் துணியால் கட்டிய குழந்தை. டீச்சர் நின்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம், இவன் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கப் போகிறான் என்று.

லிம்பானி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் பாப்பாதானா அன்னைக்குப் பிறந்தது?" என்று டீச்சர்தான் கேட்டார். குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். பிறகு பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் லிம்பானியிடம் சொன்னார்.

"அன்னைக்கு உன் அவசரத்தைப் பார்த்து நானும் சரின்னு விட்டுட்டேன். இனிமே ஓட்டு எண்ணுறதுக்கு முன்னாடியே வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டு ஓடாதே தம்பி."

வண்டி கிளம்பியது. பின்னால் கூட்டம் 'இது என் கையெழுத்து இல்லை' என்று கத்த ஆரம்பித்தது.

லிம்பானி அட்டையை உயர்த்திப் பிடித்தான். நானும்தான்.