கடைசி வரிசைக் கண்ணீர்

முப்பது வருஷம் ஆபீஸையே நடுங்க வைத்த மேனேஜருக்கு, பிரிவுபசார விழா முடிந்து வீட்டுக்கு வந்தபோது தரையில் கால் பாவவில்லை.

“பாத்தியாடி? என்னைக் கண்டா ஒருத்தருக்கும் ஆகாதுன்னியே! மத்தவங்க எல்லாம் சிரிச்ச முகமா வழியனுப்பினாங்க, கடைசி வரிசையில ஒருத்தன் மட்டும் குலுங்கிக் குலுங்கி அழுதான். எந்த செக்‌ஷனோ தெரியல, தங்கமான பையன்!”

“அப்படியா?” என்றாள் மனைவி, மகளின் முகத்தைப் பார்க்காமல்.

“இவளும் புடிச்சாளே, ஒரு நாடக நடிகனை! கூத்தாடியால ஊருக்கு என்ன பிரயோஜனம்? மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டேன்னுட்டேன். இந்தப் பையன் மாதிரி ஒருத்தன்னா கண்ணை மூடிட்டுக் கட்டிக் கொடுப்பேன்.”

“கொடுங்கப்பா. நீங்க மூஞ்சி பாக்க மாட்டேன்னதும் அவரைத்தான், இப்ப புகழ்றதும் அவரைத்தான். ஒருத்தர்கூட அழலேன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு அம்மாதான் அனுப்பி வெச்சாங்க.”

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார்.

“அப்போ... அத்தனையும் நடிப்பா?”

“அழுதது நடிப்புதான். மத்தவங்க சிரிச்சாங்களே, அது நிஜம்” என்றாள் மகள்.

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து மகளிடம் வந்தார்.

“உன் கல்யாணத்தன்னைக்கு நான் அழணுமேம்மா. எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. அந்தப் பையன் சொல்லித் தருவானா?”