விசில் சத்தம்

மாலை வெயிலில் ஒரகடம் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடைத் தகரம் கண்ணைக் கூசவைக்கிறது. ஷிப்ட் முடிந்தவர்கள் டீ கிளாஸோடு வட்டமாக நின்று போராட்ட நாடகம் பார்க்கிறார்கள். சூப்பர்வைசர் வேஷம் போட்ட நயினார், துண்டைச் சுருட்டிச் சட்டைக்குள் தொந்தி வைத்திருக்கிறான். பாத்ரூம் போக அனுமதி கேட்கும், தொழிலாளி வேஷத்திலிருக்கும் பாண்டிச்செல்வியிடம், "ரெண்டே நிமிஷம்!" என்று உறுமி விசில் ஊதுகிறான். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்குகிறது. கிளாஸ்களைக் கீழே வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் வரிசையாக நிற்கிறது. "அண்ணே, இது நாடகம்ணே, சிரிங்க!" என்று நயினார் கெஞ்சுகிறான். வரிசையின் கடைசியில், நாடகத்தை நிறுத்த வந்த நிஜ சூப்பர்வைசர் தசரதனும் அட்டையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். அவருக்கு முன்னால் நிற்கும் லீலாவுக்குச் சிரிப்பு பீறிடுகிறது. "சிரிக்காதம்மா," என்று தசரதன் நயினாரின் விசிலிலிருந்து கண்ணை எடுக்காமல், உதடு அசையாமல் கிசுகிசுக்கிறார். "அவரு பாத்துகினு இருக்காரு."