முந்நூறு கையொப்பங்கள்

"நோட்டை உன் கையில குடுக்க மாட்டேன் சாமி. நான் புடிச்சிக்கிறேன், நீ பாத்துக்க."

சங்கரநாராயணன் சிரித்துவிட்டார். காலடிப்பேட்டையில் அவர் வீட்டுக் கூடம் முழுக்கக் கண்ணாடி பீரோக்கள். எல்லாவற்றிலும் புத்தகங்களின் முதற் பதிப்புகள். அதிலும் ஆசிரியர் தன் கையாலேயே கையொப்பமிட்டவை. கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து சம்பாதித்ததையெல்லாம் இதில்தான் கொட்டியிருந்தார்.

"நான் என்ன, தூக்கிண்டு ஓடிடுவேனா?"

"ஓட மாட்டே. பேசி முடிக்கிறதுக்குள்ள பீரோவுல வச்சிப் பூட்டிக்குவே. எனக்கு யாரு மேலயும் நம்பிக்கை கெடையாது. தப்பா நெனச்சிக்காதே. நெனச்சிக்கினாலும் போ."

கிழவர் பெயர் சின்னப்பையன். துறைமுகத்தில் நாற்பது வருஷம் மூட்டை சுமந்து வளைந்த முதுகு. ராயபுரத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். கக்கத்தில், மெழுகுத்துணியில் சுற்றிய ஒரு நோட்டுப் புத்தகம்.

செத்துப்போன மகன் நீலமேகம் தன் கைப்பட எழுதிய பாட்டு நோட்டு அது. எட்டு வருஷமாக ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். இப்போது விடாத இருமல்; துப்பினால் ரத்தம். தான் கண்ணை மூடிய மறுநாளே நோட்டு பட்டாணிக் கடையில் பொட்டலமாகிவிடும் என்று பயம் வந்துவிட்டது.

"துட்டு வோணாம். உன் பீரோவுல ஒரு எடம் குடு. கரையான் அண்டாம, எலி கடிக்காம வச்சிக்க. அம்மாந்தான்."

"யார் நோட்டு அது?"

"எம் புள்ள நீலமேகத்துது. துறைமுகத்தைப் பத்திப் பாட்டு கட்டினானே, அவன்."

சங்கரநாராயணன் எழுந்தே நின்றுவிட்டார். "துறைமுகச் சிந்து பாடின நீலமேகத்துக்கு நீர் தகப்பனாரா? அவருடைய கைப்பிரதியா இது? உட்காரும், நாற்காலியில உட்காரும்!"

"தரையே போதும். அதுல குந்தினா முதுகு வலிக்கும்."

அவர் ஓடிப்போய் நடு பீரோவைத் திறந்து, பட்டுத்துணியில் சுற்றியிருந்த மெல்லிய புத்தகத்தை எடுத்து வந்தார்.

"மூர் மார்க்கெட்ல நாலு வருஷம் தேடிப் பிடிச்சேன். மொத்தமே முந்நூறு பிரதிதான் போட்டா. இந்தப் பக்கத்துல என்ன அச்சடிச்சிருக்கு, கேளும். 'இதன்கீழ் ஆசிரியர் கையொப்பம் இல்லாதது திருட்டுப் பிரதி.' அதுக்குக் கீழே, இதோ, நீலமேகம்!"

சின்னப்பையன் பார்த்தார். மசி பழுப்பேறிப் போயிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பெத்த மனசு, பார்க்க முடியலையாக்கும். கை எப்படி நடுங்கியிருக்கு பாரும். சாகக் கிடந்தப்போ போட்டிருக்கார். ஒவ்வொரு எழுத்திலும் வலி தெரியறது. இதைப் பார்க்கவே தஞ்சாவூர்லேருந்து ஆள் வரது, ஓய்!"

"வலிதான்" என்றார் கிழவர்.

"சரி, நோட்டைப் பிரியும்."

கிழவர் துணியைப் பிரித்தார். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் காட்டினார். முத்துக் கோத்தாற்போல எழுத்து. ஒவ்வொரு பாட்டின் அடியிலும் நீலமேகம் என்ற பெயர்.

சங்கரநாராயணன் பூதக்கண்ணாடியை எடுத்து நோட்டைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடியும் நோட்டை. முகத்தில் இருந்த களை மெல்ல வடிந்தது.

"யார் எழுதினது இது?"

"எம் புள்ளன்னு சொன்னனே."

"இந்த 'மே'யைப் பாரு. நோட்டுல ஒரே இழுப்புல சுழிச்சிண்டு போறது. புஸ்தகத்துல முறிஞ்ச குச்சி மாதிரி நிக்கறது. ஜுரத்துல கை நடுங்கும், சரி. சின்ன வயசுலேருந்து பழகின எழுத்தே வேறயாயிடுமா?"

கிழவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"போன மாசம் ஒருத்தன் இப்படித்தான் வந்தான். தாத்தா எழுதினதுன்னு, தேயிலைத் தண்ணியில முக்கின காகிதத்தைத் தூக்கிண்டு. நீ யார்கிட்ட எழுதி வாங்கினே?"

"வாயை அடக்கிப் பேசு சாமி. உன்னாண்ட நான் இன்னா கேட்டேன்? ஒரு மூலைதானே கேட்டேன்?"

"இன்னிக்கு மூலை கேட்பே, நாளைக்கு விலை கேட்பே." சங்கரநாராயணன் பூதக்கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். "இது ரெண்டும் ஒருத்தர் எழுத்து இல்லை. ஒண்ணு, உன் நோட்டு பொய். இல்லேன்னா என் புஸ்தகத்துல இருக்கற கையெழுத்து பொய். நான் பார்த்த நாலு பிரதியிலும் இதே கையெழுத்துதான். இது பொய்ன்னா முந்நூறுமே திருட்டுப் பிரதி. நாளைக்கே பத்திரிகைக்கு எழுதிப் போட்டுடறேன். எது பொய்? நீயே சொல்லு."

சின்னப்பையன் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, மடியில் கிடந்த நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"புஸ்தகத்துல கீறது நெசம்."

"அப்போ நோட்டு?"

"பொய்யின்னு வச்சிக்க."

"எழுந்து போ. இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாதே."

கிழவர் நோட்டைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். பின்னால் பீரோவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

மகனைப் புதைத்துப் பதினோராம் நாள்தான் அச்சுக்கூடத்திலிருந்து புத்தகக் கட்டு வந்தது. அச்சுக்கூடத்துக்காரர் அந்த வரியைப் படித்துச் சொன்னதும், எழுத்தே அறியாத சின்னப்பையன் பிள்ளை பேரில் திருட்டுப் பட்டம் விழக்கூடாதென்று, அட்டையில் இருந்த அவன் பேரின் ஐந்து எழுத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பழகி, மூட்டை தூக்கின கையால் முந்நூறு தடவை எழுதி முடித்தார்.