டீ டம்ளர் சோதனை

திருவண்ணாமலை லாட்ஜ் ஹாலில், சாமியார் உள்ளங்கையைக் குவித்துப் பக்கத்தில் கொண்டுபோனதும், ஊசி முனையில் நின்ற காகிதச் சக்கரம் தானாகச் சுழன்றது.

"உடம்போட சக்திப்பா! இந்தக் கைதான் வியாதியை ஓட்டுது."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கீழ்பென்னாத்தூர் சயின்ஸ் வாத்தியார் சகாதேவன் மட்டும் எழுந்தார்.

"சாமி, கைச்சூட்டுல காத்து மேல எழும்பினாலே இது சுத்துமே. ஒரு சோதனை பண்ணிக்கட்டுங்களா?"

சாமியாரின் கை இருந்த இடத்தில் சூடான டீ டம்ளரை வைத்தார். சக்கரம் இன்னும் ஜாஸ்தி வேகத்தில் சுழன்றது.

சாமியார் முகம் செத்துப்போனது.

"வாத்தியார் ஜெயிச்சுட்டாருப்பா!" என்று கூட்டம் கைதட்டியது.

சகாதேவன் வெளியே வந்தார். வாசலில் நின்ற சைக்கிள் ரிக்‌ஷாவில், டாக்டர்கள் கைவிரித்துவிட்ட அவர் மனைவி பச்சையம்மாள் எலும்பும் தோலுமாகச் சாய்ந்து கிடந்தாள். டீக்கு அந்தச் சக்கரம் சுற்றிவிடக் கூடாதே என்று சாமியாரைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவர் அவர்தான்.

"கைதட்டுறாங்களே, சாமி நெஜந்தானுங்களா?"

"நெஜந்தான்" என்றவர், அவளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மறுபடியும் அதே ஹாலுக்குள் நுழைந்தார்.